எச்சில் டிரம்மும் ஆம்லெட் நோட்டும்: குப்பைக் கட்டணம் எப்படி இயங்குகிறது?

கல்லூரி விடுதியில் எங்களுடையது டிவைடிங் மெஸ். அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல்காரர்கள் சம்பளம் என்று மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். அரைவயிறு சாப்பிட்டவனுக்கும் தட்டு நிறைய வாங்கிப் பாதியைக் கொட்டியவனுக்கும் ஒரே பில். கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு நீல டிரம் நிற்கும். இரவுப் பந்தி முடியும் நேரத்தில் உப்புமா, சாம்பார் சோறு, ரசம், வாழைப்பழத் தோல் எல்லாம் ஒன்றாய்க் கலந்து அதன் விளிம்பைத் தொட்டிருக்கும். காலையில் பன்றி வளர்ப்பவர் ஒருவர் மீன்பாடி வண்டியில் வந்து அள்ளிப் போவார்.

அதே மெஸ்ஸில் ‘எக்ஸ்ட்ராஸ்’ என்று ஒரு நோட்டு இருந்தது. ஆம்லெட், கெட்டித் தயிர், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு ஆகியவை பொதுக் கணக்கில் சேராது. வாங்கியவன் பெயருக்கு நேரே எழுதப்படும். மூன்றாம் ஆண்டில் நான் மெஸ் ரெப். டிரம்மை எட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலை. நாலு மாதத்தில் ஒரு துண்டு ஆம்லெட்டைக்கூட அதில் நான் பார்க்கவில்லை. உப்புமாவைக் கொட்டிய அதே பையன்தான் ஆம்லெட் தட்டை வழித்துச் சாப்பிட்டான். ஒன்று எல்லோர் தலையிலும் சிதறி விழும் செலவு. மற்றது அவன் பெயருக்கு நேரே நிற்கும் செலவு.

ஒருமுறை மளிகைக் கடைத் தராசைக் கடன் வாங்கி வந்து டிரம்மை நிறுத்தோம். அன்றன்றைய எடையைச் சாக்பீஸால் மெஸ் வாசலில் எழுதினோம். மூன்று நாள் எடை குறைந்தது. அடுத்த வாரமே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பில் மாறாதபோது எத்தனை நாள்தான் ஒருவன் பலகையைப் பார்த்து உப்புமாவை அளந்து வாங்குவான்?

ஊர்க் குப்பையின் கதையும் இந்த டிரம், இந்த நோட்டு இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. குப்பைக் கிடங்கு டிரம். நகராட்சி மெஸ். நாம் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள். கிடங்கு வாசலில் டன்னுக்கு இவ்வளவு என்று வைக்கும் கட்டணம் நம் அடுப்படிவரை இறங்கி வந்து, வெண்டைக்காய்க் காம்பைக் கிள்ளும் கையைத் தொட வேண்டும். அப்படி இறங்கும் படிகள் ஒன்றுவிடாமல் கண்ணுக்குத் தெரியும் ஊர் என்று நான் அறிந்தது தென்கொரியாவின் சியோல். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

1995க்கு முன்பு அங்கேயும் டிவைடிங் மெஸ்தான். வீட்டின் பரப்பு, சொத்து வரி இவற்றைப் பார்த்துக் குப்பைக் கட்டணம் போட்டார்கள். ஒரு வாளி போட்டாலும் பத்து வாளி போட்டாலும் தொகை மாறாது. அப்படிச் சேர்ந்த குப்பையெல்லாம் ஹான் ஆற்றங்கரையில் நான்ஜிடோ என்ற இடத்துக்குப் போனது. 1978 முதல் 1993 வரை பதினைந்து ஆண்டுகளில் சுமார் 9 கோடி டன். சமவெளியாய்க் கிடந்த இடத்தில் கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மலைகள் எழுந்துவிட்டன. மெஸ் டிரம் நிரம்பினால் இன்னொரு டிரம் வாங்கலாம். நகரத்துக்கு இன்னொரு ஆற்றங்கரை எங்கே கிடைக்கும்?

1995 ஜனவரி 1 அன்று நாடு முழுவதும் கணக்கெழுதும் முறையை மாற்றினார்கள். நம் ஓட்டல் பலகைச் சொல்லிலேயே சொன்னால், முழுச் சாப்பாட்டிலிருந்து அளவுச் சாப்பாட்டுக்கு. வீட்டுக் குப்பையை உள்ளூர் நிர்வாகம் அச்சிட்டு விற்கும் பையில் மட்டுமே போட வேண்டும். பையின் விலையில்தான் குப்பைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. சின்னப் பை குறைந்த விலை, பெரிய பை கூடுதல் விலை. காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் என்று பிரித்து வைத்தால் அதற்குக் காசில்லை. பையின் விலையை அந்தந்த வட்டாரத்தின் மன்றம் விதி போட்டு முடிவு செய்கிறது. சியோலின் வட்டாரங்கள் 2017இல் 20 லிட்டர் பையை 490 வோன் என்று ஒன்றாக்கிக்கொண்டன. நம் பணத்தில் சுமார் முப்பது ரூபாய்.

முப்பது ரூபாய் பெரிய தொகை இல்லை. அதைக் கட்டும் தருணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சொத்து வரியோடு கட்டுவது யார் நினைவிலும் நிற்காது. கடையில் பால் பாக்கெட்டோடு சேர்த்துக் குப்பைப் பையும் வாங்குகிறவருக்கு, ‘போன வாரம்தானே வாங்கினோம்’ என்று தோன்றும். அது எக்ஸ்ட்ராஸ் நோட்டில் தன் பெயருக்கு நேரே எழுதியதைப் பார்ப்பது போல. 1994இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோ அளவில் இருந்த குப்பை சில ஆண்டுகளில் 1 கிலோ அளவுக்கு இறங்கியது. காகிதமும் தகரமும் பையைவிட்டு வெளியே வந்து காசில்லாத வழிக்குப் போயின.

சமையல்காரரை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவனை மட்டும் கேள்வி கேட்பது நியாயமில்லை. பிளாஸ்டிக் தாளில் மூன்று சுற்று சுற்றிப் பொருளை விற்கும் கம்பெனிக்கும் பங்கு உண்டு. 2003இல் தென்கொரியா, உறையும் பாட்டிலும் செய்பவர்களே அவற்றைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

பைக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அளக்கப்படுவது கொள்ளளவு, எடை கிடையாது. ஆகவே காலால் மிதித்து, கட்டையால் குத்தி, 100 லிட்டர் பைக்குள் இரண்டு பைக் குப்பையைத் திணித்தார்கள். மிச்சமான காசின் விலையைச் சுமந்தது தூய்மைப் பணியாளரின் முதுகு. பல வட்டாரங்கள் 100 லிட்டர் பையையே நிறுத்திவிட்டு 75 லிட்டருக்கு இறங்கியது அதனால்தான். கட்டண விகிதம் எழுதும் அதிகாரி, அந்தப் பையைத் தூக்கப்போகும் ஆளை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஈரக் குப்பைக்கு வருகிறேன். கொரியச் சாப்பாடும் நம் சாப்பாட்டைப் போலத்தான்: சோறு, குழம்பு, சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொடுகறி. மிச்சம் விழும், விழுவதில் பெரும்பங்கு தண்ணீர். உணவுக் கழிவின் எடையில் ஏறக்குறைய எண்பது சதவீதம் நீர்தான். அதை அப்படியே கிடங்கில் புதைத்தால் நாறும், வடியும், வாயு கிளம்பும். 2005 முதல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்கத் தடை. 2013இல் அதற்கும் அளவுக் கட்டணம்.

அண்ணன் மகள் சியோலில் இருக்கிறாள். அவள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். முதல் நாள் இரவு நான் பாத்திரம் ஒழித்துப்போட்டு, கிண்ணத்தில் மிஞ்சிய சாம்பாரைக் கழிவு டப்பாவில் ஊற்றப் போனேன். “சித்தப்பா, அப்படியே ஊத்தாதீங்க, வடிகட்டுங்க” என்றாள். தொட்டியடியில் ஒரு கம்பி வலைக் கூடை. அதில் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தி, கடைசிச் சொட்டுவரை நீரைப் பிழிந்தாள். நம் வீடுகளில் புளி பிழியும் லாவகம்தான். வெங்காயச் சருகும் பூண்டுத் தோலும் முட்டை ஓடும் கோழி எலும்பும் அந்தக் கூடைக்கு வராது, காசு கொடுத்து வாங்கிய பைக்குப் போகும். மாடோ பன்றியோ தின்ன முடியாதது உணவுக் கழிவு இல்லை என்பது அங்கே கணக்கு. எனக்கு எங்கள் ஊர்க் கழனித் தொட்டி நினைவுக்கு வந்தது. அரிசி களைந்த நீர், கஞ்சி, காய்த் தோல் போகும். முட்டை ஓடு போனால் அம்மா திட்டுவார்கள். மாட்டின் வாய்க்குப் போவது அது.

அடுக்ககத்தின் கீழே வரிசையாக இடுப்புயரப் பெட்டிகள். அவள் அட்டையைக் காட்டினாள். மூடி தானாகத் திறந்தது. கூடையில் இருந்ததைக் கவிழ்த்தாள். மூடி சாத்திக்கொண்டதும் சின்னத் திரையில் எடை வந்தது: ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அந்தப் பகுதியில் கிலோவுக்கு நூற்றுச் சொச்சம் வோன், நம் பணத்தில் பத்து ரூபாய்க்கு உள்ளே. மாதக் கடைசியில் அடுக்ககப் பராமரிப்பு பில்லில் அவள் வீட்டு எண்ணுக்கு நேரே அது வந்து நிற்கும். அந்தத் திரையைப் பார்த்தபோது எங்கள் நோட்டில் ‘ஆம்லெட் 1’ என்று எழுதியிருந்த வரிதான் என் கண்ணில் வந்தது. தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று அவள் பிழிகிறாள். பிழியப் பிழிய லாரியின் பாரம் குறைகிறது, ஆலைக்குப் போய்ச் சேரும் நீர் குறைகிறது. நாலைந்து நாள் பார்த்தபின் இன்னொன்றும் கவனித்தேன்: அவள் சமைக்கும் சோற்றின் அளவே சரியாக இருந்தது.

தென்கொரியாவில் 1995இல் உணவுக் கழிவில் 2 சதவீதம்தான் மறுபடி பயன்பட்டது. இன்று 95 சதவீதத்துக்கு மேல் தீவனமாக, உரமாக, எரிவாயுவாக மாறுகிறது.

சரி, அடுப்படியிலிருந்து கிடங்கு வாசலுக்குப் போவோம். பையிலும் பெட்டியிலும் சேர்ந்ததை வட்டார நிர்வாகம் லாரியில் ஏற்றுகிறது. மறுசுழற்சிக்கும் போகாமல், எரிஉலைக்கும் போகாமல் மிஞ்சியது, 2025 முடியும்வரை, இஞ்சியோன் நகரத்தில் கடலோரச் சேற்று நிலத்தை மேடாக்கிய இடத்துக்கு வந்தது. அதன் பெயர் சுடோக்வோன் கிடங்கு; தலைநகர வட்டாரம் என்று பொருள். 1992இல் திறந்தது. சியோல், இஞ்சியோன், கியோங்கி மாகாணம் மூன்றும் பகிர்ந்துகொள்ளும் ஒரே டிரம். வாசலில் எடைமேடை. லாரி ஏறி இறங்கியதும் வட்டாரத்தின் கணக்கில் கட்டணம் ஏறுகிறது. இப்போது டன்னுக்கு 1 லட்சம் வோனைத் தாண்டிவிட்டது.

ஒரு பள்ளத்தில் கொட்டி மண்ணைப் போட இவ்வளவு காசா என்று கேட்கத் தோன்றும். மாவு அரைத்து மூடி வைத்த பாத்திரத்தை இரவில் பார்த்திருப்பீர்கள். காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்திருக்கும். குப்பை மேடும் உள்ளே அப்படித்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. காற்று புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் மக்கும் குப்பையைத் தின்று மீத்தேனை விடுகின்றன. மழைநீர் உள்ளே இறங்கி, கறுத்த கசடுநீராய் அடியில் வடிகிறது. மாவு ஒரு ராத்திரியில் அடங்கும். குப்பை மேடு கடைசி லாரி போனபின்னும் பல பத்தாண்டு பொங்கிக்கொண்டிருக்கும். அதனால் அடியில் களிமண்ணும் கனத்த பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும், கசடுநீரைச் சுத்திகரிக்க ஆலை வேண்டும், வாயுவை உறிஞ்சக் குழாய் வேண்டும், அன்றன்று மேலே மண் மூட வேண்டும். மூடியபின் காவல் காக்கும் செலவையும் இன்றைக்குக் கொட்டுகிறவரிடமே வாங்கி வைக்க வேண்டும். நான்ஜிடோவில் அப்படி வாங்கி வைக்கவில்லை. மூடியபின் சுற்றிலும் நிலத்தடிச் சுவர் எழுப்பினார்கள், வாயுக் குழாய் இறக்கினார்கள், மண் போர்த்தினார்கள். 2002இல் அது பூங்காவாகத் திறந்தது. பக்கத்துக் கால்பந்து அரங்கத்துக்கு அந்த வாயுவே வெப்பம் தருகிறது. அழகான பூங்காதான். அதன் செலவைக் கொடுத்தவர்கள் அங்கே குப்பை கொட்டிய தலைமுறைக்குப் பின்னால் வந்தவர்கள்.

கட்டணத்தில் இன்னொரு பங்கும் உண்டு. எங்கள் விடுதியில் டிரம்முக்கு அடுத்த அறையை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். ஈ, நாற்றம், அதிகாலையில் டிரம்மை உருட்டும் சத்தம். முதலாண்டுப் பையன்களுக்குத்தான் அது விழும். வாடகையில் நூறு ரூபாய்கூடக் குறைத்ததில்லை. அது தவறு என்று அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. தலைநகர வட்டாரத்துக்கு அந்த அறை இஞ்சியோன். சியோலின் குப்பை ஏன் எங்கள் ஊரில் என்று அந்த நகரம் பல ஆண்டு சண்டை போட்டது. 2016இல் கிடங்கை மூடுவதாக இருந்தது. 2015 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் மூன்று நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசிக் காலத்தை நீட்டின. அதற்கு இஞ்சியோன் பெற்ற விலைகளில் ஒன்று, கட்டணத்தின் மேல் இன்னொரு பாதி. 2016 முதல் 100 வோன் கட்டணம் என்றால் 50 வோன் கூடுதலாக வாங்கி, கிடங்கைச் சுற்றியுள்ள பகுதிக்காக இஞ்சியோனுக்குக் கொடுக்கிறார்கள். நாற்றத்துக்குப் பணம் ஈடாகாது. ஆனால் அடுத்த அறைக்காரனின் பாடு முதல்முறையாகக் கணக்கில் ஒரு வரியாக ஏறியது.

2020இல் இன்னும் ஒரு பிடி. ஒவ்வொரு வட்டாரமும் 2018இல் அனுப்பியதைவிடப் பத்து சதவீதம் குறைவாகத்தான் அனுப்பலாம் என்று விதி வந்தது. மீறினால் ஐந்து நாள் வாசல் மூடப்படும், கூடுதல் எடைக்குக் கட்டணம் இரட்டிப்பு. முதல் ஆண்டில் பெரும்பாலான வட்டாரங்கள் மீறிவிட்டன. அது கொரோனா காலம், வீட்டுக்கு வீடு பார்சல் சாப்பாடு. அதே நேரம், விலையில் இருந்த விரிசலையும் அது வெளியே காட்டியது. கிடங்குக் கட்டணம் ஏறுகிறது. பை விலையோ பல வட்டாரங்களில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. பை விற்ற காசு குப்பைச் செலவில் ஒரு பகுதிக்குத்தான் காணும், மீதி பொது வரிப்பணம். அதாவது பாதி அளவுச் சாப்பாடு, பாதி டிவைடிங் மெஸ். தேர்தலை முன்னால் வைத்துக்கொண்டு பை விலையை ஏற்றக் கைதூக்கும் கவுன்சிலர் எந்த ஊரிலும் அரிது. வாசலில் ஏறிய விலை கவுன்சில் மேசையில் நின்றுவிட்டால், அடுப்படியில் இருப்பவருக்கு அது நடந்ததே தெரியாது.

கசிவு வேறு இடங்களிலும் உண்டு. விடுதியில் சோற்றைக் காகிதத்தில் சுற்றிச் சன்னல் வழியே எறிபவன் இருந்தான். சியோலிலும் பைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் வீட்டுக் குப்பையைத் தெருத் தொட்டியில் திணித்தார்கள். நகரம் தெருத் தொட்டிகளையே பாதியாகக் குறைத்தது; விதி மீறினால் 10 லட்சம் வோன்வரை அபராதம். இலவச வழியும் ஒருநாள் அடைபட்டது. 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்ததும் விலை சரிந்தது. ஏப்ரலில் அடுக்ககங்களில் பிளாஸ்டிக் எடுக்க வண்டி வரவில்லை, பிரித்து வைத்த மூட்டைகள் வாசலில் குவிந்தன. கழனி எடுக்க வரும் ஆள் நாலு நாள் வராவிட்டால் மெஸ் என்னாகும் என்று எனக்குத் தெரியும்.

2026 ஜனவரி 1 முதல் தலைநகர வட்டாரத்தின் வீட்டுக் குப்பையைப் பிரிக்காமல், எரிக்காமல் நேரடியாகப் புதைக்கத் தடை. சாம்பலும் கழிவின் கழிவும் மட்டும் உள்ளே போகலாம். போதுமான எரிஉலைகளை நகரம் முன்கூட்டியே கட்டி முடிக்கவில்லை. ஆகவே லாரிகளில் கொஞ்சம் தெற்கே சுங்சியோங் பகுதியின் தனியார் உலைகளைத் தேடிப் போக, அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அடுத்த அறை இடம் மாறியிருக்கிறது.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது ஒரு சொல் என்னை நிறுத்துகிறது: டிப்பிங் ஃபீ. மற்ற நாடுகளில் அது குப்பை கொண்டுவந்தவர் கிடங்குக்குக் கொடுக்கும் காசு. நம் மாநகராட்சி டெண்டர்களிலோ, குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் மாநகராட்சி கொடுக்கும் காசு. எடை ஏறினால் வருமானம் ஏறும் ஏற்பாட்டில் எடையைக் குறைக்க யார் மெனக்கெடுவார்? சென்னையில் 2020இல் தொடங்கிய ஒப்பந்தங்களில், எடையை விட்டுச் சேவையின் தரக் குறியீடுகளைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மாநகராட்சியின் 2019 துணைவிதிகளின்படி 2021 ஜனவரி முதல் வீடுகளிடம் மாதம் 10 முதல் 100 ரூபாய்வரை வாங்கவும் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். கொரோனாவில் வேலையிழந்த குடும்பங்களிடம் அந்த நேரத்தில் கேட்டது தப்பு. அதைவிட என்னை உறுத்துவது, அந்தக் கட்டணம் சொத்து வரியோடு சேர்த்து, வீட்டின் அளவைப் பார்த்து வாங்குவதாக இருந்தது. 1995இல் கொரியா கைவிட்டது இதைத்தான். பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்கும் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வீசும் வீட்டுக்கும் அதே தொகை.

வாசலில் வாங்காத காசு வேறு வழியில் வரும். பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிக் கிடங்கு பல பத்தாண்டு விலையில்லாமல் நிரம்பியது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்கு அங்கே போட்ட திட்டம் சுமார் 350 கோடி ரூபாய். நகரத்தின் இன்னொரு கிடங்கான கொடுங்கையூருக்கு 640 கோடி. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அடுத்த அறையில் வாழ்ந்தவர்களுக்குக் கணக்கில் ஒரு வரிகூட எழுதப்பட்டதில்லை.

எங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் வரப்போகிறது. கேட்பதற்கு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: போன மாதம் இந்த வார்டிலிருந்து எத்தனை டன் எடைமேடை ஏறியது, அதில் ஈரக் குப்பை எவ்வளவு, ஒவ்வொரு டன்னுக்கும் நாம் என்ன கொடுத்தோம்?